துன்னுட்டு சொல்லு

சமையலை வைத்துச் சண்டை போடும் ஜப்பானியச் சித்திரக்கதைகள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சேரிப் பையன்களின் செல்பேசிக்குள் எப்படி வந்தன என்று ஆராய்வது என் வேலையில்லை. வந்துவிட்டன. ஜப்பான்காரர்கள் இவற்றை ‘மாங்கா’ என்கிறார்கள். நம்ம பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதால் பையன்களுக்கு முதலில் ஒரே சிரிப்பு. நாங்கள் நடத்தும் மாலைப் பள்ளியில் பாடப்புத்தகத்தை எடு என்றால் நெளிகிறவர்கள், ஆங்கிலத்தில் இருக்கும் இதை வலமிருந்து இடமாக, எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுகிறார்கள். இலக்கியவாதிகள் இதைக் குப்பை என்பார்கள். நம் சனங்கள் தின்பதையும் அவர்கள் குப்பை என்றுதான் சொல்லி வந்தார்கள். அதனால் உட்கார்ந்து படித்தேன்.

பையன்கள் அதிகம் படிப்பது ‘ஷொகுகெகி நோ சோமா’. யூட்டோ சுகுடா எழுதி, ஷுன் சாயெகி வரைந்து, 2012 முதல் 2019 வரை வார இதழில் வெளிவந்தது, 36 தொகுதிகள். தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்காரரின் மகன் சோமா. கடையிருக்கும் இடத்தைப் பிடுங்க வருகிற மனைத்தொழில்காரி, கடையிலுள்ள கறியையெல்லாம் நாசமாக்கிவிட்டு ‘கறி கொண்டா’ என்கிறாள். மிச்சமிருக்கும் பன்றி இறைச்சித் துண்டுகளை உருளைக்கிழங்கின் மேல் சுற்றிச் சுட்டு அவள் முன்னால் வைக்கிறான். அவள் தின்கிறாள், தோற்கிறாள். முதல் அத்தியாயத்திலேயே இது வருகிறது. பட்டா இல்லை என்று எந்நேரமும் விரட்டப்படும் சனங்களின் பிள்ளைகளுக்கு இந்த இடம் ஏன் பிடிக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமா?

பிறகு அவன் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் சமையல் கல்லூரிக்குப் போகிறான். அங்கே ‘தெய்வ நாக்கு’ என்று பெயரெடுத்த ஒரு பெண் நுழைவுத் தேர்வு வைக்கிறாள். இவன் சோறும் முட்டையும் கோழி இறக்கையைக் காய்ச்சி உறையவைத்த சாறும் கலந்து கொடுக்கிறான். அவள் உடம்பே சொக்கிப்போகிறது. ஆனால் வாய் சொல்கிறது, நன்றாக இல்லை என்று. சாப்பாட்டுக் கடைக்காரன் மகன் நம்ம கல்லூரியில் படிப்பதா? நாக்குக்குத் தெரிந்ததை வாய் மறைக்கிறது. கதை முழுக்க எனக்கு முக்கியமாகப் பட்ட பக்கம் இதுதான். சுவைக்கு ‘இரசனை’, ‘தரம்’ என்று பெயர் வைத்தவர்கள் இலக்கியத்திலும் இதைத்தானே செய்கிறார்கள்?

இந்தக் கதைகளின் ஈர்ப்பைப் பற்றிக் கேட்டபோது, எஸ்டேட் கம்பெனி ஒன்றின் கேண்டீனில் வேலை செய்யும் பையன் சொன்னான்: “அண்ணா, அதுல எதிரியா இருந்தாலும் வாய்ல வெச்சுதான் ஆவணும். துன்னுட்டு அப்புறந்தான் சொல்லணும்.”

இதுக்கு மேல விமர்சனம் வேண்டியதில்லை. இந்தப் போட்டிக் கதைகளின் ஒரே சட்டம் இதுதான். எதிரி எவ்வளவு பெரிய இடத்துக்காரனாக இருந்தாலும் உன் கையால் சமைத்ததைத் தொட்டு, மென்று, விழுங்க வேண்டும். தீர்ப்பு அதற்குப் பிறகுதான். நம் ஊரில் தீர்ப்பு முதலில் வந்துவிடுகிறது, தின்பதே நடப்பதில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை, சமைக்கவே கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். குழம்பில் உப்பு கூடியதா குறைந்ததா என்று அவர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களுக்குச் சாதியே ருசி. அந்தப் பெண்ணுக்கு முதலில் கிடைத்தது இடமாற்ற உத்தரவு. போராட்டத்துக்குப் பிறகுதான் அது ரத்தானது. கல்யாணக் காண்டிராக்ட் வேலைக்குப் போகும் நம் பையன்களைக் கேளுங்கள். வெங்காயம் உரிக்கலாம், அண்டா கழுவலாம். கரண்டி பிடிக்கும் முன்னால் “எந்த ஏரியாப்பா?” என்ற கேள்வி வரும்.

அரசாங்கம் நடத்தும் உணவுத் திருவிழாவிலும் இதே கதைதான். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. இருபதுக்கும் மேற்பட்ட வகைப் பிரியாணி. மாட்டுக்கறிப் பிரியாணி மட்டும் கிடையாது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த விழாவிலும் முதலில் இல்லை. சத்தம் போட்ட பிறகுதான் பீஃப் பிரியாணிக்குக் கடை வந்தது. போட்டியில் தோற்பது வேறு, அடுப்பு வைக்கவே இடம் தராதது வேறு.

ஆக, மாங்கா விடுதலை இலக்கியமா? அப்படிச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ருசித்துத் தின்கிறவர்களின், முக்கியமாகப் பெண்களின், உடையைக் கிழித்துக் கிழித்து வரைந்திருக்கும் ஆம்பளைப் புத்தி ஒரு பக்கம் இருக்கட்டும். பையன்களோடு அதையும் பேசித்தான் ஆக வேண்டும். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. சோமா தெருக்கடைப் பையன் என்று நாம் கொண்டாடிக்கொண்டிருக்கையில், அவன் அப்பா அதே கல்லூரியில் இரண்டாம் இடத்தில் கொடிகட்டிப் பறந்தவர் என்று கதை மெல்ல அவிழ்க்கிறது. கர்ணன் கதைதான். தேரோட்டி மகன் வில்லெடுத்தால் நமக்குச் சந்தோஷம். கடைசியில் குந்தி வந்து, நீ எங்க ஆளுதான் என்பாள்.

இது சோமாவோடு நிற்கவில்லை. இந்த வகைக்கு முன்னோடியான, 1973இல் தொடங்கிய ‘ஹோச்சோனின் அஜிஹெய்’யின் நாயகன் பெரிய சமையல்காரரின் மகன். 1983இல் தொடங்கிய ‘ஓய்ஷின்போ’வின் நாயகன் புகழ்பெற்ற உணவு மேதையின் மகன், அப்பனோடுதான் அவனுக்குப் போட்டியே. 1986இல் வந்த ‘மிஸ்டர் அஜிக்கோ’வின் சிறுவன் செத்துப்போன அப்பாவின் கடையை நடத்துகிறான். 1995இல் வந்த ‘சூக்கா இச்சிபான்’ கதையில் மட்டும் அம்மா. கைப்பக்குவம் இரத்தத்தில் வருகிறது என்பதுதான் இவற்றின் அடிக்கதை. நம்மிடமும் நளபாகம், பீமபாகம் என்று ராசா வீட்டுப் பேரில்தானே நல்ல சமையல் இருக்கிறது! அப்பன் தொழிலை மகன் செய்வது சமையல்காரன் வீட்டில் காவியமாகலாம். தோல் உரிக்கிறவன் வீட்டில், மலம் அள்ளுகிறவன் வீட்டில் அதற்குப் பெயர் குலத்தொழில். 1953இல் ராஜாஜி அதைப் பள்ளிக்கூடத் திட்டமாகவே கொண்டுவந்தார்.

இந்தக் கதைகளில் மாட்டுக்கறியைக் கொண்டாடிக் கொண்டாடி வரைகிறார்கள். கொழுப்பு மினுங்கும், நீர் ஊறும். அந்த மாட்டை வெட்டியவன் யார்? ஜப்பானிலும் அந்தக் கை தீண்டத்தகாத கையாகத்தான் இருந்தது. புராக்கு மக்கள் என்பார்கள். 675இல் ஒரு பேரரசன் மாடு, குதிரை உள்ளிட்ட விலங்குகளின் கறிக்குத் தடை போட்டான். பௌத்தத்தின் பேரால் கறி தீட்டானது. வெட்டுவதும் தோல் உரிப்பதும் ஒரு கூட்டத்தின் தலையில் விழுந்தது. 1871இல் சட்டப்படி அந்த இழிவு நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பேரரசன் மாட்டுக்கறி தின்றதை நாட்டுக்கு அறிவித்தார்கள். கறி கௌரவமாகிவிட்டது, வெட்டியவனுக்குக் கௌரவம் வரவில்லை. 1922இல் அவர்கள் ‘சுய்ஹெய்ஷா’ என்ற சமத்துவ இயக்கத்தைத் தாங்களே கட்ட வேண்டியிருந்தது. ஒசாகா மாகாணப் புராக்குப் பகுதியில் பிறந்த உஎஹாரா யோஷிஹிரோ 2005இல் ஒதுக்கப்பட்டவர்களின் உணவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் பிறந்த மண்ணில் மாட்டுக்குடலை எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்தெடுத்தால் ‘அபுராகசு’. உப்பிட்டு உலர்த்திய கறி ‘சாய்போஷி’. உப்புக்கண்டம் தோழர்களே, நம்ம கூரையில் கயிறு கட்டிக் காயப்போட்ட அதே உப்புக்கண்டம்! மராத்தியில் ஷாஹு பட்டோளே 2015இல் எழுதிய நூலும் இதே சரக்குதான். கலைஞானம் என்றால் இதையும் சேர்த்துத்தான். சாணியும் பித்தமும் போக அலசி, மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுக் குடலைத் தேய்த்துக் கழுவும் கைக்கு எந்தத் ‘தெய்வ நாக்கு’ மதிப்பெண் போடும்?

இதைப் பையன்களிடம் சொன்னபோது அவர்கள் சோமாவை விட்டுவிடவில்லை. விட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர்களே வரைந்துகொண்டிருக்கிறார்கள். குடல் கறியில் யார் கை மேல் என்று இரண்டு அத்தைகளுக்குள் போட்டி. கழுவுவதற்கே நாலு பக்கம் போய்விட்டது. நடுவர் யார் என்பதில் இரண்டு வாரமாகத் தகராறு. பாட்டிதான் என்கிறான் ஒருத்தன். இல்லை, ஊர்த்தெருக்காரன் ஒருத்தனை இழுத்துவந்து உட்கார வைக்கணும், அவன் துன்னணும் என்கிறான் இன்னொருத்தன். முடித்ததும் அனுப்புகிறோம். ஆசிரியர் எட்டுப் பக்கம் ஒதுக்கி வைக்கட்டும்.