௸ என்னும் குறியின் பொருளும் ஆட்சியும்

பழைய கையெழுத்து ஆவணங்களிலும் அச்சு நூல்களிலும் பயிலும் குறிகளுள் '௸' என்பது ஒன்று. 'மேற்படி' என்பது அதன் பொருள். ௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறித்தல் போல இதுவும் ஒரு சொற்சுருக்கமே என்றும், ஆதலின் பதிப்பாசிரியர் அதனை விரித்தெழுதி விடலாம் என்றும் கருதுவார் உளர். அக்கருத்து ஆராயத்தக்கது.

ஆண்டுக் குறியும் மாதக் குறியும் எவ்விடத்து நிற்பினும் தத்தம் பொருளையே தருவன. ௸ அத்தகையதன்று, முன் வந்த ஒன்றனைச் சுட்டியே பொருள் தருவது. ஆதலின், தொழிலால் அது சுட்டுப்பெயரை ஒக்கும். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கு வருமிடத்துச் சுட்டுப்பெயர் பின்னரே வரும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்துட் கூறும் விதி. செய்யுளில் அது முன்வருதலும் உண்டு என்பர் அவர். ௸ என்னும் குறிக்கோ அவ்விலக்கும் இல்லை.

இதன் ஆட்சியை இருவகையாகப் பகுக்கலாம். '௸ ஊர்', '௸ ௵', '௸ ௴' எனப் பெயரை அடுத்து வருவது ஒருவகை. ஈண்டுப் பின்வரும் பெயரே சுட்டப்படும் பொருளைக் காட்டிவிடுதலின் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. '௸யார்', '௸யாரால்' என விகுதியும் வேற்றுமையுருபும் ஏற்று வருவது மற்றொருவகை. இடர்ப்பாடு இவ்வகையிலேயே தோன்றுகிறது. 'கந்தன் தன் தங்கை வள்ளிக்கு நிலம் விற்றான்; ௸யார் வரி செலுத்துதல் வேண்டும்' என ஓர் ஆவணம் இருப்பதாகக் கொள்வோம். வரி செலுத்த வேண்டியவர் கந்தனா, வள்ளியா, இருவருமா? 'ஆர்' விகுதி பாலையும் உணர்த்தாது. மதிப்பொருமையோ பன்மையோ என்பதையும் தெளிவிக்காது. பதிப்பாசிரியர் ஒருவர் அங்கு 'வள்ளி' என விரித்து எழுதிவிடின், ஐயம் இருந்த சுவடே மறைந்துவிடும். கடமையும் உரிமையும் பற்றிய முடிபு ஒன்று மூலத்தின் கூற்றாகவே நின்றுவிடும்.

அச்சில் இக்குறிக்கு ஈடாக 'ஷை', 'ஷெ' என்பனவும் வழங்கின. குறியின் வடிவம் ஷகரத்தை ஒத்திருந்தமையே இதற்குக் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தும். இவற்றை வடசொல் என மயங்குதல் கூடாது.

ஆகவே, மூலத்தில் உள்ள குறியை அவ்வாறே நிறுத்தி, விரிவைப் பகர அடைப்பினுள் தந்து, ஐயம் உள்ள இடங்களை அடிக்குறிப்பிற் சுட்டுதலே செப்பமான பதிப்புமுறை என்பது எம் துணிபு. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு 4.0 பதிப்பிலேயே இக்குறி இடம்பெற்றுவிட்டமையின், அச்செழுத்து இல்லை என்னும் காரணமும் இனிப் பொருந்தாது. மூலத்தின் ஐயத்தையும் காத்தல் பதிப்பாசிரியர் கடன்.