முதிரையும் தேக்கும்

பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒரே வெயிலும் ஒரே வாடைக்கால மழையும், ஆகவே ஏறத்தாழ ஒரே மரங்களும் அமைந்திருந்தபோதிலும், கட்டிலுக்கும் மேசைக்கும் மரம் தெரிந்தெடுக்கும் விஷயத்தில் இரு கரைத் தமிழரும் வெகுகாலமாக வெவ்வேறு ருசியுடையவர்களாகவே இருந்து வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நல்ல கதிரைக்கு எந்த மரம் உகந்தது என்று வினவினால் முதிரை என்பார்கள்; மதுரையிலோ கும்பகோணத்திலோ நாற்காலிக்கு மரம் கேட்டுப் போனால் தேக்கு என்ற ஒரே விடைதான் கிடைக்கும். முதிரை இக்கரையில் விளையாத மரமன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வறண்ட காடுகளில் பொரசு என்ற பெயரோடு அது வளர்ந்துதான் வருகிறது. ஆயினும் அதனை ஏருக்கும் வண்டிக்கும் ஏற்றதென்று வெட்டினார்களேயன்றி, கூடத்தில் வைத்து அழகு பார்க்கும் யோக்கியதை அதற்கு உண்டென்று இங்கே பெரும்பாலோர் கருதியதில்லை.

இந்த வேற்றுமைக்குக் காரணம் ருசியன்று. தேக்கு இலங்கைக்குச் சுதேச மரமல்ல என்பதேயாகும். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரர் கொண்டுவந்து நட்ட பிறகே அது அத்தீவில் தலைகாட்டிற்று. அதற்கு முன்னும், அதற்குப் பின் நெடுங்காலமும், தீவின் தச்சர்கள் தம் காட்டையே நம்பியிருக்க வேண்டியவர்களானார்கள். காடும் அவர்களைக் கைவிடவில்லை. வறண்ட வடக்கிலும் கிழக்கிலும் முதிரை, பாலை, கருங்காலி. மழை மிகுந்த தென்மேற்கில் நெதுனும், கருமையும் பழுப்பும் கலந்து வரியோடும் கலமந்தரும். டச்சு உத்தியோகஸ்தர்களின் மாளிகைகளுக்காக இம்மரங்களில் கடைந்தெடுத்த அலுமாரிகளையும் கட்டில்களையும் கொழும்பிலுள்ள டச்சுக் காலத்து அரும்பொருட்சாலையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் வேலைப்பாட்டை வியக்கும்போதே, அந்த வேலைப்பாடுதான் கலமந்தருக்கு யமனாக வந்தது என்பதையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது. டச்சுக்காரர் வெட்டினார்கள், ஆங்கிலேயர் மிச்சத்தை வெட்டினார்கள், 1859-இல் எமர்சன் டெனண்ட் இலங்கையைப் பற்றிய தமது நூலை வெளியிட்டபோதே, அது கிடைத்தற்கரியதாகிவிட்டது என்று வருந்தும் நிலை வந்துவிட்டது.

முதிரை தப்பிப் பிழைத்தது, அதன் பிடிவாதத்தால் என்றே சொல்லலாம். தேக்கைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமுள்ள அம்மரத்தில் இழை நேராக ஓடாமல் மாறி மாறிச் சாய்ந்து பின்னிக் கிடப்பதால், இழைப்புளி ஒரு திசையில் வழுக்கிச் சென்று மறுதிசையில் சிம்பு பெயர்க்கும். உளியின் முனை விரைவில் மழுங்கும். முன்னதாகத் துளையிடாமல் ஆணி அறைந்தால் ஆணி வளையும் அல்லது பலகை வெடிக்கும். அறுக்கும்போது பறக்கும் தூள் பட்டுச் சிலருக்குத் தோல் தடித்து அரிப்பெடுப்பதும் உண்டு. வெயிலில் போட்டு அவசரமாக உலர்த்தினால் மேற்பரப்பில் மயிரிழை போன்ற கீறல்கள் விழுந்துவிடும். இத்தனை தொல்லைக்கும் ஈடாக அது தருவது என்னவென்றால், மெருகேற்றியவுடன் பொன்னிறத்தில் பட்டுப்போல மின்னி, பார்ப்பவர் நகர நகர ஒளியும் நிழலும் இடம் மாறுகின்ற ஓர் அபூர்வமான தோற்றம். கறையானும் அதை லேசில் தொடுவதில்லை. பாட்டனார் காலத்து முதிரைக் கட்டிலில் பேரன் படுத்துறங்குவது வடபுலத்தில் எவரும் விசேஷமாகக் குறிப்பிடாத சாதாரணக் காரியம்.

இக்கரையின் சரித்திரம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையெங்கும் இயற்கையாகவே தேக்கு விளைந்தது. கப்பல் கட்டுவோர் அதைத் தேடி ஆனைமலைக்கு வந்தார்கள். வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரித்து உருட்டிய இடம் இன்றும் டாப்சிலிப் என்றே வழங்குகிறது. காடு மெலிந்ததைக் கண்ட மலபார் கலெக்டர் கனோலி, 1840-களில் சாத்து மேனன் என்ற உத்தியோகஸ்தரின் உழைப்பைக் கொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். பர்மாவில் வர்த்தகம் நடத்திய நகரத்தார் அந்நாட்டுத் தேக்கைக் கப்பலேற்றிக் கொணர்ந்து செட்டிநாட்டு மாளிகைகளில் தூணாக நிறுத்தினார்கள். இவ்வளவு சுலபமாக இழைக்க வருவதும், எண்ணெய்ப் பசையால் பூச்சியை விரட்டுவதும், உலர்ந்தபின் அதிகம் கோணாததுமான மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், பொரசோடு மல்லுக்கு நிற்க எந்த ஆசாரிக்கு மனம் வரும்?

தேக்கின் மேல் வைத்த அந்த நியாயமான அபிமானம், காலக்கிரமத்தில் தேக்கு என்ற பெயரின் மேல் வைத்த அபிமானமாகச் சுருங்கிவிட்டது என்பதுதான் என் குறை. 1996-இல் உச்ச நீதிமன்றம், மத்திய அரசு ஒப்பிய திட்டமின்றி எந்தக் காட்டிலும் மரம் வெட்டலாகாது என்று ஆணையிட்டது. அவ்வழக்கைத் தொடுத்த கோதவர்மன் திருமுல்பாடு, தேக்குத் தோட்டம் பிறந்த அதே நிலம்பூரின் கோவிலகத்தைச் சேர்ந்தவர் என்பது சரித்திரத்தின் ஒரு விநோதம். 2014-இல் பர்மாவும் உருட்டு மரம் ஏற்றுமதி செய்வதை நிறுத்திற்று. ஈட்டி மரத்தைப் பட்டா நிலத்திலும் மனம்போல் வெட்ட முடியாதபடி தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆகவே இன்று மரவாடியில் அடுக்கியிருக்கும் தேக்கில் பெரும்பகுதி, ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இளமையிலேயே வெட்டப்பட்டுத் தூத்துக்குடியில் வந்து இறங்கியதாகும். இளமரத்தில் வெள்ளை என்கிற வெளிமரம் அதிகம், வைரம் என்கிற உள்மரம் குறைவு. வெள்ளையை உளுத்துப்போகாமல் காக்கும் சக்தி தேக்கு என்ற பெயருக்குக் கிடையாது.

அக்கரையிலும் பெயர் மயக்கம் இல்லாமலில்லை. அதன் விளைவோ இன்னும் கொடியது. 1990 முதல் இலங்கையில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டிருக்கிறது. முதிரை மீதுள்ள ஆசையோ நிற்கவில்லை. மரக்காலைக்கு முதிரை எவ்வழியாக வந்தது என்று வாங்குவோர் விசாரிப்பதுமில்லை. வன்னிக் காடுகளில் திருட்டுத்தனமாக வெட்டிய மரங்கள் பிடிபட்ட செய்தி பத்திரிகைகளில் ஓயாமல் வந்துகொண்டேயிருக்கிறது. நெடுங்காலம் பொறுத்து வைரம் ஏறும் ஒரு மரத்தை இந்த வேகத்தில் வெட்டினால், கலமந்தருக்கு நேர்ந்த கதி முதிரைக்கும் நேராது என்று எவரால் உறுதி கூற முடியும்?

ஆயினும் ஒரு விஷயத்தில் இலங்கையர் நம்மைவிட முன்னே நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காடு மூடப்பட்ட பின் அந்நாட்டு மரத் தேவையில் பெரும்பங்கை வீட்டுத் தோட்டங்களே நிறைவேற்றி வருகின்றன. மொறட்டுவைத் தச்சர்கள் பலாவில் செய்யும் தளபாடத்தை எவரும் இழிவாக எண்ணுவதில்லை. அந்தப் பலாவையும், ஈரப்பலாவையும், பெண்பனையையும் அனுமதியின்றி வெட்டலாகாது என்று 1951-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமே விதித்திருப்பதால், அங்கே தோட்டத்துப் பலாவுக்கு மரம் என்ற மதிப்போடு சட்டத்தின் மரியாதையும் சேர்ந்திருக்கிறது. நாமோ தஞ்சாவூர் வீணைக்குப் பலாவே உத்தமம் என்று பெருமை பேசிவிட்டு, அதே பலாவில் ஓர் எழுதுமேசை செய்துகொள்ளத் தயங்குகிறோம். வேம்பும் பூவரசும் வாகையும் நம் கொல்லையிலும் களத்துமேட்டிலும் முதிர்ந்து நின்றிருக்க, அவற்றை விறகுக்கு விற்றுவிட்டு, கடல் கடந்து வந்த வெள்ளைத் தேக்குக்குக் கடன் வாங்குகிறோம்.

ஐம்பது வயது கடந்த வேம்பின் வைரத்தை நன்றாக ஆறவிட்டு அறுத்துச் செய்த அலமாரி, பதினைந்து வயதுத் தேக்கில் செய்ததைக் காட்டிலும் நெடுங்காலம் நிற்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பூவரசு வழவழப்பாக இழைக்க வரும். பலாவின் மஞ்சள் நிறம் வருஷங்கள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக முற்றும். வாகையில் மட்டும் வெள்ளையை ஈவிரக்கமின்றிச் செதுக்கித் தள்ளிவிட வேண்டும், இல்லையேல் வண்டு விழும். ஆதலால் வாசகர்கள் அடுத்த முறை மரவாடிக்கோ மரக்காலைக்கோ போகும்போது, மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் அதன் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லி வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று பார்த்து, எந்த ஊரில் வெட்டியது, எத்தனை மாதம் உலர்ந்தது என்ற இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேட்க வேண்டுகிறேன்.