எலும்பும் வயதும்

திருப்பனந்தாளுக்கு வடக்கே, கொள்ளிடத்து மணற்படுகையில் அடையாளமற்ற மனித எலும்புகள் வெளிப்படுமாயின், ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்தபடியாகப் போலீஸார் மருத்துவரிடம் கேட்பது, இறந்தபோது வயதென்ன என்பதே. காணாமற்போனோர் பட்டியலில் எந்தக் குடும்பத்தின் வாசலுக்குச் செல்வது என்பது அந்த விடையைப் பொறுத்தது.

இளமையின் எல்லைக்குள், எலும்பைக்கொண்டு வயதறியும் சாஸ்திரம் போற்றத்தக்கது. பற்கள் முளைக்கும் வரிசையும், நீண்ட எலும்புகளின் முனைகள் தண்டோடு ஒன்றும் ஒழுங்கும் பெரும்பாலும் இயற்கை நியதியைத் தழுவியே நடப்பதால், சிறுவரின் வயதைச் சில ஆண்டு வித்தியாசத்துக்குள் உரைக்க முடிகிறது. காறையெலும்பின் உள்முனை மட்டும் முப்பதை ஒட்டிய காலம்வரை தாமதித்து ஒன்றுகிறது. இந்தியரிடையே எலும்பு முனைகள் ஒன்றுதலை ஆராய்ந்து 1937-இல் கால்ஸ்டன் வெளியிட்ட ஆய்வு இன்றும் பயனுடையது.

முனைகளெல்லாம் ஒன்றி முடிந்தபின் எலும்பில் நிகழ்வது வளர்ச்சியன்று, தேய்மானம். அதுவோ ஆளுக்கு ஆள் வேறுபடுவது. இடுப்பெலும்பின் இரு பாதிகளும் முன்புறம் சந்திக்கும் முகத்தை 1920-இல் டாட் பத்துப் படிகளாகப் பகுத்தார். 1990-இல் புரூக்ஸும் சூச்சியும், லாஸ் ஏஞ்சலிஸில் பிரேதப் பரிசோதனைக்கு வந்தோரின் எலும்புகளைக் கொண்டு, படிகளை ஆறாக்கினர். அம்முறையில் ஆண்களுக்குரிய கடைசிப் படி 34 முதல் 86 வயதுவரை விரிகிறது. இந்த அகலத்தைப் பலவீனமென்பாருளர். நான் அதனை அம்முறையின் நேர்மையென்றே மதிக்கிறேன். உண்மையான குறை, அந்நிய நகரத்தாரின் எலும்பைப் பிரமாணமாகக் கொண்டு, ஆண்டுதோறும் சேற்றில் குனிந்து நாற்று நட்ட காவிரிக்கரைப் பெண்ணின் எலும்பை அளப்பதில் இருக்கிறது. மேலும், அளவுகோலாக வைத்த கூட்டத்தின் வயதமைப்பே விடையிலும் வந்து படிந்துவிடுகிறதென்று 1982-இல் பொக்கே-அப்பெலும் மாஸ்ஸேயும் எழுப்பிய ஆட்சேபணை இன்னும் வலிமை குன்றாதது.

எலும்பு முழுதாகக் கிடைப்பதும் அரிது. அந்த இடுப்பு முகம் மென்மையானது. ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வரும் வண்டலில் எளிதில் சிதையும். அவசரத் தோண்டலும் அழிக்கும்: பஞ்சாபின் அஜ்னாலாவில், 1857-இல் கொல்லப்பட்டுக் கிணற்றில் எறியப்பட்ட சிப்பாய்களின் எச்சங்கள் 2014-இல் பயிற்சியற்ற கைகளால் எடுக்கப்பட்டபோது எலும்புகள் நொறுங்கிக் கலந்தன, ஆய்வாளர் பற்களைப் பெரிதும் நம்ப நேர்ந்தது.

உயிருள்ள இளைஞரின் எக்ஸ்ரே வயதிலேயே இருபுறமும் இரண்டாண்டுப் பிழை நேரலாமென்று 1982-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அங்ஙனமிருக்க, முதியவரின் அஸ்திக்கு 'வயது சுமார் 45' என ஒற்றை எண்ணை எழுதும் அறிக்கை, 58 வயதில் மறைந்த தந்தையைத் தேடும் மகனைத் திருப்பியனுப்பிவிடும். வயதை வீச்சாகவே எழுதுக; பிறப்புச் சான்றால் வயது உறுதியான உடல்களின் எலும்பு முகங்களை, உறவினர் சம்மதத்தோடு, தஞ்சை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்கள் பதிவுசெய்து, இந்நாட்டுக்குரிய அட்டவணையை ஆக்கத் தொடங்குக.