பூட்டுக்கு எதற்குப் புகழ்?

தட்டாஞ்சாவடியில், ஒற்றை அறை வாடகை வீட்டில், எல்லோரும் தூங்கிய பிறகுதான் சல்மாவை வாசித்தேன். துவரங்குறிச்சியில் பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். திருமணத்துக்குப் பின் கழிவறையில் ஒளிந்து நின்று எழுதினார். அந்தக் காகிதங்கள் வெளியே போக உதவியவர் அவருடைய அம்மா. முதல் கவிதைத் தொகுப்பு 2000இல் வந்தது.

'அடைத்து வைத்ததால்தான் எழுத்தாளர் ஆனார்' என்று யாராவது வியந்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2004இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலைப் படித்துப் பாருங்கள். வீட்டுக்குள் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்: உடல், ஆசை, பயம், கேலி. அவரை எழுத்தாளராக வளர்த்தது அந்தப் பேச்சு. பூட்டு திருடியது அவருடைய பள்ளிக்கூடத்தை.

அதே பூட்டுக்குள் ஒரு வரிகூட எழுதாமல் போனவர்கள் எத்தனை பேர்? என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. நன்றாகக் கதை சொல்வாள்.