கோழை என்று எழுதுவதற்கு முன்

'பியூசிலானிமஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது சட்டென்று கைக்கு வருவது 'கோழை'. அந்தத் தமிழாக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

லத்தீனில் 'பூசில்லுஸ்' என்றால் மிகச் சிறிய, 'அனிமுஸ்' என்றால் மனம். சரி, 'சிறுமனம்' என்று போட்டுவிடலாமா? தமிழில் சின்ன மனசுக்காரன் என்றால் கஞ்சன், அற்பன். பயந்தவன் இல்லை.

அந்த லத்தீன் சொல்லுக்கு இணையான ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது: 'மிக்ரோப்சிகியா'. அரிஸ்டாட்டில் தன் அறவியலில் வீரத்தையும் கோழைத்தனத்தையும் 3-ஆம் புத்தகத்திலேயே பேசி முடித்துவிடுகிறார். சிறுமனம் வருவது 4-ஆம் புத்தகத்தில். அவர் காட்டும் ஆள் போர்க்களத்தில் முதுகு காட்டியவன் அல்ல. தனக்குத் தகுதியானதைக்கூடக் கேட்காமல் ஒதுங்கிப்போகிறவன். கெட்டவனும் இல்லை. தன்னைத் தப்பாக அளந்தவன், அவ்வளவுதான்.

ஆலங்காயத்தில் இந்த ஆளுக்குத் தனிச் சொல் கிடையாது. ஒரு வாக்கியம் இருக்கு: "நமக்கு இன்னாத்துக்குப்பா அதெல்லாம்?" பக்கத்து மலையில், காவலூரில், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "அது படிச்சவங்களுக்கு" என்பார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் பத்து வருஷம் தைத்த அக்கா, சூப்பர்வைசர் வேலை காலியானால் கேட்கமாட்டார். அவர் கோழையா? விடியுமுன் சமைத்துவைத்துவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து, நாளெல்லாம் ஊசிமுனையில் விரல் வைத்துப் பிழைப்பவரிடம் துணிச்சலுக்கா பஞ்சம்?

திருக்குறளிலும் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. போர்க்கள வீரம் 78-ஆம் அதிகாரமான படைச்செருக்கில். மனசின் அளவே மனிதனின் அளவு என்ற பேச்சு 60-ஆவதான ஊக்கமுடைமையில். மொழிபெயர்ப்பாளர் புரட்ட வேண்டியது 60-ஐ.

ஆனால் அரிஸ்டாட்டிலோடும் எனக்குப் பிணக்கு உண்டு. தன்னைக் குறைத்து அளந்தவனையே குற்றவாளி ஆக்குகிறார். அளவுகோலை அவன் கையில் கொடுத்தது யார் என்று கேட்கவில்லை. அடிமைகள் இருந்த ஊரில் அந்தக் கேள்வி சங்கடமானதுதான். எங்கள் பக்கம் பதனிட்ட தோலைச் சதுர அடியில் அளந்துதான் விலை பேசுவார்கள். அளவு குறைந்தால் தோலை யாரும் திட்டுவதில்லை, அளந்தவரைத்தான் கேட்பார்கள்.

சாதியும் கூலியும் பள்ளிக்கூடமும் தலைமுறை தலைமுறையாக ஒருவரைக் குறைத்து அளந்திருக்கின்றன. கடைசியில் அவரும் அதே கோலால் தன்னை அளக்கிறார். அவரைக் 'கோழை' என்று எழுதுவது தோலைத் திட்டுகிற வேலை. 'தன்னைக் குறைத்து அளக்கப் பழக்கப்பட்டவர்' என்று எழுதுங்கள். நீளம்தான். பழக்கியவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறதே.