நாலு மஞ்சாடி முத்து

ஒரு முத்து 4 மஞ்சாடி எடை. பக்கத்துப் பொட்டலத்தில் நாலு முத்துகள், ஒவ்வொன்றும் 1 மஞ்சாடி, மொத்தம் அதே 4. பொன்னாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே விலைதான். முத்துக்கு அந்த நியாயம் செல்லாது. மன்னார் வளைகுடாக் கரை வணிகர்கள் இதற்கென்று தனிக்கணக்கு ஒன்று வைத்திருந்தார்கள். மஞ்சாடி எடையை அதே எடையால் பெருக்கு, அதில் முக்கால் எடு, முத்துகளின் எண்ணிக்கையால் வகு. வருவது செவ்வு. ஒற்றை முத்துக்கு 12 செவ்வு. நாலு முத்துக்கும் சேர்த்து 3 செவ்வுதான். செவ்வுக்கு இத்தனை என்று விலை பேசுவார்கள். பெரிய முத்தின் அருமையை இரண்டு பெருக்கல், ஒரு வகுத்தலுக்குள் அடக்கிய ஆள் யாரோ, அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

காயல்பட்டினம் இந்தக் கணக்கோடு புழங்கிய கரையில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம், தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல்தான் என்பது கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினத்துக் காக்காமாரிடம் இதைச் சொன்னால் வாதம் வளரும். எனக்கு அந்த வழக்கு வேண்டாம். முத்தும் ரத்தினமும் பொட்டலம் கட்டிக் கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் ஹாங்காங்குக்கும் போன ஊர் காயல்பட்டினம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

எடைக்கு முன் சலிப்பு. பெட்டி என்று சொல்லப்பட்ட பித்தளைக் கிண்ணச் சல்லடைகள் பத்து. முதலாவதில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளை பெருகப் பெருக அதன் அகலம் குறுகும். 20இல் தங்குவது பெருமுத்து, 1000த்தில் தங்குவது பொடி. அதற்கு மேல் கண்ணின் வேலை: உருட்சியும் ஒளியும் குறையாதது ஆணி, குறை கூடினால் கலிப்பு, எதிலும் சேராதது தூள். சல்லடையில் ஒரு வேடிக்கை உண்டு. துளைக்கு ஒட்டிய பருமனுள்ள முத்து ஒரு குலுக்கில் விழும், மறு குலுக்கில் தங்கும். முத்து மாறவில்லை, அது படுத்த வாக்கு மாறியது. இந்தத் தடுமாற்றத்துக்குத்தான் இன்றைய ஆய்வகம் ‘மீள்திறன்’ என்று பெயர் வைத்து, பத்து முறை அளந்து, அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று குறித்துக்கொள்கிறது.

நான் மயங்கி நிற்பது செவ்வுக் கணக்கில் ஒளிந்திருக்கும் இன்னொன்றில். எடை அங்கே தன்னாலேயே பெருகுகிறது அல்லவா? அந்த 4 மஞ்சாடி முத்தை நிறுத்தவர் 3.9 என்று கண்டிருந்தால் செவ்வு 11.4. 4.1 என்றால் 12.6. தராசில் நூற்றுக்கு இரண்டரை பிசகினால் விலையில் நூற்றுக்கு ஐந்து பிசகும். பிழை இரட்டிக்கிறது. எண்ணிக்கையில் பிழைக்கு இடமில்லை. நாலு முத்தை நாலே கால் என்று யாரும் எண்ணப் போவதில்லை. ஆக, கவனம் முழுவதும் தராசின் மேல் இருக்க வேண்டும் என்று அந்தச் சூத்திரமே சொல்லிவிடுகிறது. எந்த அளவின் பிழை முடிவை எவ்வளவு அசைக்கும் என்று பார்ப்பதுதான் இன்று ‘அளவீட்டு ஐயப்பாடு’ கணிக்கும் கலையின் முதல் பாடம். ஆனால் தராசின் ஒரு தட்டில் இருப்பது ஒரு மரத்தின் விதை. மஞ்சாடி ஒன்றுபோல் ஒன்று காய்ப்பதில்லை. 20 மஞ்சாடிக்கு ஒரு கழஞ்சு என்று பித்தளை எடைக்கல் இருந்ததால் கொஞ்சம் பிழைத்தார்கள்.

நம் பின்னங்கள் ஒரு வீண்பெருமைக்கும் வழி விட்டன. முந்திரி என்றால் 320இல் ஒன்று. அதற்குக் கீழே கீழ்முந்திரி, 1,02,400இல் ஒன்று. ஏட்டில் எழுதலாம். விதையை வைத்து நிறுக்கும் தராசுக்கு அது தெரியுமா? கணினி துப்புகிற ஆறு தசம இலக்கத்தை அப்படியே அறிக்கையில் ஏற்றும் இளம் வேதியியலாளரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கீழ்முந்திரி நினைவுக்கு வரும்.

முத்து போய்விட்டது. காயல்பட்டினத்துக்கும் ஆறுமுகநேரிக்கும் நடுவே இன்று வெள்ளையாகக் குவிந்து கிடப்பது உப்பு. கடைக்கு வரும் அயோடின் உப்பில் குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும். அதைச் சோதிக்கும் முறை பார்க்கவே அழகு. உப்புக் கரைசலில் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் விழுந்ததும் மஞ்சள் படரும். ப்யூரெட்டிலிருந்து தயோசல்பேட் சொட்டச் சொட்ட மஞ்சள் வெளிறும். அப்போது கஞ்சி விட்டால் நீலம் எழும். இன்னும் சில சொட்டு. நீலம் சட்டென்று மறையும். அந்தக் கடைசிச் சொட்டில் கை நிற்க வேண்டும்.

முறை சரிதானா என்று தெரிந்துகொள்ள அயோடின் சேர்க்காத உப்பில் தெரிந்த அளவைத் தானே கலந்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். கொடுத்த கடன் முழுசாக வசூலாகிறதா என்று பார்ப்பது போலத்தான். பிறகு பிழைகளைக் கூட்டுவது. மீண்டும் மீண்டும் செய்ததில் வந்த சிதறல் 0.4, ப்யூரெட்டும் கரைசலும் தராசும் சேர்ந்து 0.3 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 0.7 ஆகாது, 0.5தான், செங்கோண முக்கோணத்தின் மூன்றும் நாலும் ஐந்தாவது போல. ஒன்று மேலே இழுக்கும்போது மற்றதும் மேலேயே இழுக்கும் என்று கட்டாயமில்லை அல்லவா? அதை இரண்டால் பெருக்கினால் நூற்றுக்குச் சுமார் 95 நம்பிக்கை. சோதனையில் 15.6 பிபிஎம் வந்திருந்தால் அறிக்கையில் ஏறுவது 15.6 ± 1.0. இந்த வழிமுறையை உலகுக்குப் பொதுவாக்கிய கையேடு 1993இல் வந்தது. ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரம் கேட்பதும் அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் தணிக்கையாளர் வந்து உட்கார்ந்து துருவுவதும் இதைத்தான்.

15.6 தேறியதா? ± 1.0 என்றால் 14.6ஆகவும் இருக்கலாம். எந்தப் பக்கம் சாய்வது என்று சோதனைக்கு முன்பே உப்புக்காரரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறது 17025 தரத்தின் 2017 பதிப்பு. நாணயமான ஏற்பாடு.

இத்தனைக்கும் மேலே உப்பு மூட்டையே சிரிக்கும். ஈரம் பட்டால் அயோடின் மூட்டைக்குள் இடம் பெயரும். மேல் கைப்பிடியும் அடிக் கைப்பிடியும் ஒன்றல்ல. ஆய்வகத்தின் 0.5 எல்லாம் மாதிரி எடுத்த கையின் பிழைக்கு முன் சிறிசு. முத்துக்காரர்களுக்கு இது அத்துப்படி. முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்கும் முன் கடலடிச் சிப்பித் திட்டுகளான பார்களில் மாதிரிச் சிப்பி அள்ளி, அழுகவிட்டு, கழுவி, சலித்து, நிறுத்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று மதிப்புப் போடுவார்கள். தூத்துக்குடியில் 1961 வரை குளிப்பு நடந்தது. அரசுப் பங்குச் சிப்பி, வாய் திறக்காமலே, ஆயிரக் கணக்கில் ஏலத்துக்கு வந்தது. மதிப்பில் ± எழுதியிருக்காது. அதை ஏலம் கேட்டவர் மனசுக்குள் போட்டு, அந்த அளவுக்குக் கீழே இறங்கிக் கேட்டார்.