தலையில் இறங்கும் விரல்கள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் அலைந்தால் வெயிலும் புழுதியும் தலைக்குள் ஏறிக்கொள்ளும். சலூன் நாற்காலியில் சாய்ந்து தலை மசாஜ் கேட்கிற சுகம் அப்போதுதான் முழுதாய் விளங்கும். முடிதிருத்துபவர் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கி, முதலில் உச்சியில்தான் வைப்பார். அவசரமே இல்லை. எண்ணெய் மயிர்க்கால்களில் இறங்கும்வரை உள்ளங்கை அங்கேயே இருக்கும். பிறகு விரல் நுனிகள் வேலையைத் தொடங்கும். நகம் படாது, மயிர் இழுபடாது. தோல் மட்டும் மெல்ல அசையும். நெற்றிப்பொட்டில் பெருவிரல் வட்டமிடும்போது கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். காதுக்குப் பின்னால், பிடரிக் குழியில், எங்கே இறுக்கம் கிடக்கிறது என்பதை அந்த விரல்கள் கேட்காமலே கண்டுபிடிக்கும்.

சத்தமும் எனக்குப் பிடிக்கும். கைகளைத் தளர்வாகச் சேர்த்துத் தலையில் தட்டுகையில் விரல்கள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ‘டப் டப்’, மின்விசிறியின் முனகல், பக்கத்து நாற்காலியில் ஓடும் கத்தரிக்கோல். “தலையை விடுங்கோ தம்பி, நான் பிடிச்சிருக்கிறன்” என்பார். அந்தச் சொல்லுக்குக் கழுத்து இளகிவிடும். எவ்வளவு அழுத்தினால் சுகம், எவ்வளவு அழுத்தினால் நோ என்பதைக் கைதான் அறியும். எத்தனையோ தலைகளைத் தொட்டுத் தொட்டுச் சேர்ந்த அறிவு அது. நாள் முழுக்க நின்றபடியே அடுத்தவரின் களைப்பை விரல்களால் இறக்கி வைக்கிற இந்தப் பொறுமைக்கு, கூலியோடு மனதாரப் பாராட்டும் சேரவேண்டும்.